கடல் தாண்டிய வீடு: நாலு கல்லூரி, ஒரு இன்பாக்ஸ், பத்து மாதம்

பிரிட்டனில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். விண்ணப்பத்தில் ஏதோ மாற்றம் நடந்திருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் அது சொல்லும். என்ன மாற்றம் என்று சொல்லாது. இடம் கிடைத்தாலும் அதே மின்னஞ்சல்தான், கிடைக்காவிட்டாலும் அதே மின்னஞ்சல்தான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வரும்போது அது வந்தால், அங்கேயே திறப்பதா, வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திறப்பதா, இல்லை பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் திறப்பதா என்று 17 வயதுப் பிள்ளை யோசிக்கிறது. மூன்றையும் செய்யும் பிள்ளைகள் உண்டு.

லண்டனில் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் பக்கமெல்லாம் தமிழ் வீடுகள் நிறைய. யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள், தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி வேலைக்கோ மருத்துவமனை வேலைக்கோ போனவர்கள் என்று கலந்து கிடக்கும் தெருக்கள். இந்த வீடுகளில் அக்டோபர் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் வரைக்கும், 13-ம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் (அங்கே பள்ளி 13-ம் வகுப்பு வரை), மொத்தக் குடும்பமும் ஒரு இன்பாக்ஸைச் சுற்றித்தான் வாழ்கிறது.

நம்மூர்க்காரர்களுக்கு இது முதலில் புரியாது. இங்கே நீட் மதிப்பெண் வந்துவிட்டால், போன வருட கட்-ஆஃப் பட்டியலைப் பக்கத்து வீட்டு அண்ணன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவார், கிடைக்குமா கிடைக்காதா என்று. தரவரிசை, இட ஒதுக்கீடு, கவுன்சலிங் சுற்று. கணக்கு கொடுமையாக இருக்கலாம், ஆனால் கணக்கு. அங்கே மதிப்பெண் ஒரு வாசல்தான். அதைத் தாண்டினால் நேர்காணல் என்று இன்னொரு வாசல். அந்த வாசலுக்கு யாரை, எப்போது, எந்த வரிசையில் கூப்பிடுவார்கள் என்பது ஒவ்வொரு கல்லூரிக்கும் வேறு வேறு.

நடைமுறை இதுதான். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் யூகேட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். வருடத்தில் ஒரே தடவைதான். மதிப்பெண் அன்றைக்கே, தேர்வு மையத்தை விட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிடும். 2025 முதல் அதில் மூன்று பகுதிகளுக்குச் சேர்த்து 2,700 வரை மதிப்பெண். ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வாய் என்று பார்க்கும் நான்காவது பகுதிக்கு மட்டும் 1 முதல் 4 வரை தரம். பிறகு யூகாஸ் என்ற பொது விண்ணப்பம். அக்டோபர் 15, மாலை 6 மணி கடைசி. மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு, மருத்துவத்துக்கு அக்டோபரே.

ஒரு விண்ணப்பத்தில் ஐந்து இடம் எழுதலாம். ஆனால் மருத்துவத்துக்கு நான்குதான். ஐந்தாவது கட்டத்தில் வேறு ஏதாவது படிப்பு எழுதலாம், இல்லை காலியாக விடலாம். அந்த ஐந்தாவது கட்டத்தைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டைக்கு ஒரு தனி வாரம் எழுதலாம். "பயோமெடிக்கல் சயின்ஸ் போடுப்பா" என்று அப்பா. "அதைப் போட்டா நானே நம்பலைன்னு அர்த்தம்" என்று மகள். உண்மையில் எந்தக் கல்லூரிக்கும் நீங்கள் வேறு எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள் என்று அந்தச் சமயத்தில் தெரியாது. ஐந்தாவது கட்டத்தில் எதை எழுதினாலும் முதல் நாலுக்குக் குறைவில்லை. இது தெரியாமலேயே பல வீடுகளில் அந்தச் சண்டை ஓடுகிறது.

வருடத்துக்கு 20,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். இடங்கள் ஏறக்குறைய 10,000. நம்மூர் நீட் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அங்கே விண்ணப்பிக்கும் முன்பே வடிகட்டல் நடந்துவிடுகிறது. ஏ லெவலில் மூன்று 'ஏ', அல்லது அதற்கும் மேலே வாங்குவாள் என்று பள்ளி ஆசிரியர் முன்கூட்டியே கணித்து எழுதிக் கொடுத்தால்தான் பெரும்பாலான கல்லூரிகள் கோப்பையே திறக்கும். அந்தக் கணிப்பை வாங்க ஆசிரியரிடம் நடக்கும் மன்றாடல் கோடை விடுமுறைக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும்.

அக்டோபர் 15 தாண்டியதும் ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு தீபாவளி. அதற்குப் பிறகுதான் நிசப்தம்.

எல்லோருக்கும் வந்துவிட்டது, நமக்கு?

பல்கலைக்கழகங்களின் கைக்கு யூகேட் மதிப்பெண் நவம்பர் தொடக்கத்தில்தான் போய்ச் சேரும். அதனால் அதற்கு முன் இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்ப்பதில் பெரும்பாலும் பயன் இல்லை. ஆனால் பார்க்காத பிள்ளை எது? நேர்காணல் அழைப்பு யூகாஸ் வழியாக வராமல் நேரே கல்லூரியிடமிருந்து வரலாம். சில கல்லூரிகள் மின்னஞ்சல் அனுப்பும், சில தங்கள் தளத்தில் ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லி அங்கே போடும். ஸ்பாம் பெட்டியில் போய் விழுந்த அழைப்புகளும் உண்டு. ஆகவே ஸ்பாமையும் பார்க்க வேண்டும். பார்க்கிறார்கள், ஒரு நாளைக்கு இருபது தடவை.

நவம்பர் மூன்றாவது வாரத்தில் வகுப்பில் ஒருவருக்கு முதல் அழைப்பு வரும். அன்றைக்கு மாலையே அந்தச் செய்தி கோயில் வாட்ஸ்அப் குழு வரைக்கும் போய்விடும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டு நிற்கும் அம்மாக்களிடையே பேச்சு அதுதான். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் அக்கறையோடுதான் கேட்பார்: "பிள்ளைக்கு இன்னும் ஒரு இன்ரவியூவும் வரேல்லையோ?" கேட்டவருக்கு அது ஒரு கேள்வி. கேட்கப்பட்டவருக்கு இரவுத் தூக்கம்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகள் ஒரு தப்பான கணக்கைப் போடுகின்றன. முதலில் கூப்பிட்டால் முதல் தரம், கடைசியில் கூப்பிட்டால் கடைசித் தரம் என்று. சில கல்லூரிகளில் அது ஓரளவு உண்மை. மதிப்பெண் வரிசைப்படி மேலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் பல இடங்களில் அழைப்புகள் கட்டுக் கட்டாகப் போகும். நேர்காணல் நடத்த டாக்டர்கள், பேராசிரியர்கள், மாணவர்கள் என்று ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாள்தான் நேர்காணல். டிசம்பரில் கூப்பிடப்பட்டவளும் மார்ச்சில் கூப்பிடப்பட்டவளும் ஒரே அட்டவணையில் ஒரே அளவுகோலில் மதிப்பிடப்படுவார்கள். நவம்பரில் வந்த மின்னஞ்சலுக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது.

இன்னொன்று. ஒவ்வொரு கல்லூரியும் வேறு வேறு தராசு வைத்திருக்கிறது. ஒன்று யூகேட் மதிப்பெண்ணை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்தும். இன்னொன்று 16 வயதில் எழுதிய ஜி.சி.எஸ்.இ மதிப்பெண்களுக்குப் பெரிய இடம் கொடுக்கும். வசதி குறைந்த பகுதியில், சுமாரான பள்ளியில் படித்தவர்களுக்குச் சற்றுக் குறைந்த எல்லையை வைப்பவையும் உண்டு. சில கல்லூரிகள், நடத்தைப் பகுதியில் 4-ம் தரம் வாங்கினால் மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடும். எனவே தோழிக்கு அழைப்பு வந்த கல்லூரியிலிருந்து இவளுக்கு வராததற்குத் தோழி கெட்டிக்காரி என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. இவள் தன் தராசுக்கு ஏற்ற கடையில் நிற்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம். செப்டம்பரில் நாலு கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பேரைப் பார்க்காமல் தராசைப் பார்த்த பிள்ளைகளுக்கு நவம்பர் கொஞ்சம் லேசாக இருக்கிறது. கல்லூரியின் பேரைப் பார்த்தே நாலையும் எழுத வைத்த பெற்றோர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் நெளியலாம்.

திருச்சியில் இருக்கும் பாட்டிக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "என்னடி தங்கம், சீட்டு கிடைச்சாச்சா?" இல்ல பாட்டி, இன்னும் இன்டர்வியூவே வரல. "இன்டர்வியூவா? அங்க உங்கப்பாவுக்கு யாரையாவது தெரியாதா?" அப்பாவுக்கு யாரையும் தெரியாது. தெரிந்தாலும் பயன் இல்லை. நேர்காணல் எடுப்பவர்களில் பலர், எதிரே உட்கார்ந்திருப்பவரின் யூகேட் மதிப்பெண்ணையோ பள்ளியின் பேரையோ பார்க்காமலேயே மதிப்பெண் போடுகிறார்கள்.

அழைப்பு வராது என்று முடிவான கல்லூரிகளும் உடனே சொல்வதில்லை. சில டிசம்பரிலேயே சொல்லிவிடும். சில, நேர்காணல் பருவம் முழுக்க முடியும் வரை, மார்ச் வரைக்கும்கூட, வாயைத் திறக்காது. யாராவது நேர்காணலுக்கு வராமல் போனால் அந்த இடத்துக்குக் கூப்பிட ஆள் வேண்டுமே. கல்லூரியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஜனவரியில், மாதிரித் தேர்வுகளுக்கு நடுவே, பொங்கல் வைத்த கையோடு இன்பாக்ஸைத் திறக்கும் பிள்ளைக்கு அந்த நியாயத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. 'இல்லை' என்று சீக்கிரம் சொல்வதும் ஒரு மரியாதைதான். அதைச் செய்யும் கல்லூரிகளை அந்த ஊர் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆறு நிமிடம், அடுத்த அறை

அழைப்பு வந்துவிட்டால் வீடு திடீரென்று உயிர் பெறும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பரில் முடித்துவிடும். ஜனவரியில் முடிவும் சொல்லிவிடும். அங்கே பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து, தெரியாத ஒரு விஷயத்தைக் கொடுத்து, யோசி பார்ப்போம் என்பார்கள். மற்றப் பெரும்பாலான கல்லூரிகளில் நடப்பது எம்.எம்.ஐ. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2004-ல் ஆய்விதழில் வெளியான முறை. ஒரே நீண்ட நேர்காணலில் ஒருவருக்குப் பிடித்துப்போனால் சீட்டு, பிடிக்காமல் போனால் இல்லை என்ற நிலைமையை மாற்றத்தான் இதைக் கொண்டுவந்தார்கள்.

வரிசையாக ஆறு, எட்டு, பத்து அறைகள் அல்லது மேசைகள். ஒவ்வொன்றிலும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம். மணி அடித்ததும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். ஒன்றில், ஏன் டாக்டராக ஆசை, ஏன் நர்ஸாக இல்லை என்று கேட்பார்கள். இன்னொன்றில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து இதிலிருந்து என்ன தெரிகிறது என்பார்கள். வேறொன்றில் ஒரு நடிகர் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்து வீட்டுக்காரர்; அவருடைய பூனையின் மேல் நீங்கள் காரை ஏற்றிவிட்டீர்கள்; அதை அவரிடம் சொல்லுங்கள் என்று வெளியே ஒரு சீட்டில் எழுதியிருக்கும். நடிகர் உண்மையிலேயே அழுவார். பிள்ளை என்ன செய்கிறது என்று ஓரமாக ஒருவர் மதிப்பெண் போடுவார்.

இந்தப் பூனை விஷயத்தை எந்த டியூஷனிலும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆனாலும் செய்யப் பார்க்கிறார்கள். நேர்காணல் பயிற்சி அங்கே ஒரு வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. வார இறுதி வகுப்பு, ஒத்திகை நேர்காணல், ஆன்லைன் கேள்வித் தொகுப்பு என்று பவுண்டுகள் கரைகின்றன. பயிற்சி எடுப்பதில் தப்பில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழகாத பிள்ளைக்கு அது கட்டாயம் உதவும். ஆனால் "சின்ன வயதில் என் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது" என்று ஒரே நாளில் பத்துப் பிள்ளைகள் தொடங்கினால், எதிரே இருப்பவருக்குப் பதினோராவது தாத்தாவின் மேல் இரக்கம் வராது. முதியோர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் டீ கொடுக்கப் போன பிள்ளை, அங்கே ஒரு பாட்டி ஒவ்வொரு வாரமும் தன்னை வேறு பெயரில் கூப்பிட்டதைச் சொன்னால் அது வேறு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவு வைத்திருப்பார்கள். நீட் வருவதற்கு முன், வேலூர் சி.எம்.சி-யில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு தேர்வானவர்களை வளாகத்துக்கே வரவழைத்து, சில நாட்கள் வைத்து, குழு வேலைகளும் நேர்காணலும் நடத்தினார்கள். மதிப்பெண் மட்டும் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். நேர்காணல் என்றாலே பாரபட்சத்துக்கு இடம் உண்டு என்பது எதிர்வாதம். 2020-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. எது சரி என்ற விவாதம் இங்கே முடிந்துபோனது போலத் தெரியலாம். உலகம் முழுவதும் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இடத்துக்கு ஒரு எண்

நேர்காணல் முடிந்துவிட்டது. நன்றாகப் போனதா? "தெரியலைம்மா." இந்தப் பதிலை நம்பலாம், உண்மையிலேயே தெரியாது. அடுத்த காத்திருப்பு தொடங்குகிறது. சில கல்லூரிகள் இரண்டு மூன்று வாரத்தில் சொல்லும். சில எல்லா நேர்காணல்களும் முடிந்த பிறகு மார்ச் கடைசியில் மொத்தமாகச் சொல்லும். சில ஒரு பகுதிக்கு முன்பே சொல்லிவிட்டு மீதிப் பேரைக் காத்திருப்பில் வைக்கும்.

ஏன் இவ்வளவு தயக்கம்? டாக்டர் படிப்பு இடங்களுக்கு அங்கே அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பயிற்சிக்கு அரசுப் பணம் நிறையப் போகிறது என்பதால், கல்லூரிகள் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது. கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் சிக்கல். குறைவாகச் சேர்ந்தாலும் சிக்கல். ஒரே பிள்ளை நாலு கல்லூரியிலும் ஆஃபர் வாங்கலாம், போவது ஒன்றுக்குத்தான். எனவே 200 இடத்துக்கு எத்தனை ஆஃபர் கொடுத்தால் 200 பேர் வந்து சேர்வார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஊகிக்கிறது. கல்யாணத்துக்குப் பந்தி போடுகிறவர் செய்யும் அதே கணக்கு.

அந்தக் கணக்கு தப்பியதும் உண்டு. 2021-ல் கொரோனாவால் ஏ லெவல் தேர்வுகள் ரத்தாகி, ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணே இறுதியானது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் நிபந்தனையைத் தாண்டிவிட்டார்கள். சில மருத்துவக் கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ள ஒப்புக்கொண்டால் 10,000 பவுண்டு தருகிறோம் என்று இங்கிலாந்து அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் சீட்டுக்குக் காசு கேட்பதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம், விட்டுக்கொடுக்கக் காசு கொடுத்த கதை இது.

அதற்கு முந்தைய வருடம் நேர் எதிர். 2020 ஆகஸ்ட் 13 அன்று, தேர்வே எழுதாத பிள்ளைகளுக்கு ஒரு கணிதச் சூத்திரம் மதிப்பெண் போட்டது. இங்கிலாந்தில் ஆசிரியர் கணிப்புகளில் ஏறக்குறைய 40% குறைக்கப்பட்டன. யூகேட் தாண்டி, நேர்காணல் தாண்டி, ஆஃபர் வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் ஒரு காலையில் இடத்தை இழந்தார்கள். தெருவில் இறங்கிப் போராடினார்கள். நாலே நாளில், ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கி, ஆசிரியர் கணிப்பே செல்லும் என்றது. மருத்துவ இடங்களுக்கான உச்சவரம்பும் அந்த ஆண்டு நீக்கப்பட்டது. அன்றைக்கு 18 வயதில் இருந்தவர்கள் இப்போது வார்டுகளில் பயிற்சியில் இருக்கிறார்கள், அல்லது டாக்டர்களாகவே ஆகிவிட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கலாமா என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேட்பவர்கள் உண்டு. முடியும். ஆனால் இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இருப்பது சுமார் 7.5% இடம்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு கொடுக்கும் உள் ஒதுக்கீட்டின் அதே எண். எண் ஒன்றானாலும், உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும்.

நாலும் இல்லை என்றால்

நாலு இடத்திலிருந்தும் 'இல்லை' வரும் வீடுகளைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. ஆனால் கணக்குப்படி அவைதான் அதிகம். இரண்டு பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்கு இடம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பங்களில் இந்த 'இல்லை'க்கு இன்னும் கொஞ்சம் கனம் அதிகம். 1970-களில் இலங்கையில் வந்த தரப்படுத்தலால், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது. ஒரு சில மதிப்பெண்ணில் மருத்துவப் பீடம் தவறிப்போன ஒரு பெரியப்பாவோ மாமாவோ பல வீடுகளில் இருக்கிறார். லண்டனில் பிறந்த பேத்தியின் விண்ணப்பத்தில் அவருடைய பழைய விண்ணப்பமும் சேர்ந்தே போகிறது. பேத்திக்கு இது தெரியும். அதனால்தான் மின்னஞ்சலைத் தனியாகத் திறக்கிறாள்.

இந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மார்ச்சில் நாலும் போனபின் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பது. அது மே, ஜூனில் இருக்கிறது. ஏ லெவல் தேர்வு அப்போதுதான். இனி எதற்குப் படிக்க வேண்டும் என்று புத்தகத்தை மூடும் பிள்ளைகள் அந்த மாதங்களில்தான் இரண்டாவது வாய்ப்பையும் தொலைக்கிறார்கள். அடுத்த செப்டம்பரில் மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்போது ஆசிரியரின் கணிப்புக்கு வேலை இல்லை. வாங்கிய மதிப்பெண்ணே கையில் இருக்கும். 'வாங்குவாள்' என்பதைவிட 'வாங்கிவிட்டாள்' எந்தக் கல்லூரிக்கும் நம்பகமானது. யூகேட் மட்டும் மறுபடி எழுத வேண்டும், பழைய மதிப்பெண் அந்த வருடத்தோடு காலாவதி. மறுமுறை விண்ணப்பிப்பவர்களை ஏற்காத கல்லூரிகளும் சில இருப்பதால், அதைப் பார்த்துத்தான் நாலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறைய. அடுத்த நேர்காணலில் அவர்கள் சொல்ல, தாத்தா கதையைவிட நல்ல கதை இருக்கும்.

வேறு பட்டம் முடித்துவிட்டு நான்கு வருட மருத்துவப் படிப்பில் சேரும் வழியும் உண்டு. போட்டி அங்கே இன்னும் கடுமை. 'எப்படியும் பின்னால் மாறிக்கொள்ளலாம்' என்று அதை எளிதாகச் சொல்லிப் பயோமெடிக்கல் படிப்பில் சேர்த்துவிடுவது சரியான ஆலோசனை இல்லை. அந்தப் படிப்பு பிடித்திருந்தால் மட்டுமே சேர வேண்டும்.

வருடம் வீணாகுதே என்று சித்தி திருச்சியிலிருந்து போன் செய்வார். நம்மூரில் நீட்டுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை உட்காரும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருந்தும், லண்டன் பிள்ளை ஒரு வருடம் காத்திருந்தால் மட்டும் அது எப்படியோ வீணாகிவிடுகிறது.

ஆஃபர் வந்தவர்களுக்கும் வேலை முடியவில்லை. அது நிபந்தனையோடு வந்தது. எல்லாக் கல்லூரிகளின் பதிலும் மே மாத நடுவுக்குள் வந்துவிட வேண்டும்; ஜூன் தொடக்கத்தில் ஒன்றை முதல் தேர்வாகவும் இன்னொன்றை மாற்றாகவும் பிடித்துக்கொள்ளலாம். பிறகு தேர்வு. பிறகு ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி. ஊரே ஒரே தளத்தைத் திறக்கும். நேர்காணலில் கலக்கியிருந்தும் கெமிஸ்ட்ரியில் 'பி' வந்தால் கல்லூரி நினைத்தால் ஏற்கலாம், நினைத்தால் விடலாம். காலை எட்டரைக்குக் கல்லூரிக்கு போன் போட்டுப் பேச வேண்டியது பிள்ளைதான். அப்பா பேசினால் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அப்பாக்கள் பக்கத்தில் நின்று சைகை செய்யலாம்.

மதிப்பெண் சரியாக வந்த வீட்டில் அன்றைக்குக் கேசரி. கோயில் குழுவில் செய்தி. பாட்டிக்கு வீடியோ கால். "டாக்டரம்மா" என்று அவர் கூப்பிட, இன்னும் ஆறு வருஷம் இருக்கு பாட்டி என்று பேத்தி திருத்த, அதெல்லாம் பாட்டி காதில் விழாது.

அடுத்த வாரமே இன்பாக்ஸில் இன்னொரு மின்னஞ்சல். கல்லூரியின் உடல்நலப் பிரிவிலிருந்து. நோயாளிகள் பக்கத்தில் போக வேண்டியிருப்பதால், பிறந்ததிலிருந்து போட்ட தடுப்பூசிகளின் விவரம் எல்லாம் வேண்டுமாம். ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, காசநோய் ஊசி, தேதியோடு. ஏழு வயதில் லண்டன் வந்த பிள்ளை. அட்டை திருச்சி வீட்டு பீரோவில், பாட்டியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் எங்கோ இருக்கிறது. அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார்: "அத்தே, அந்த மஞ்சக் கலர் அட்டை, ஞாபகம் இருக்கா?"